ஜீவராஜிடம் அனுமதி கேட்கவும்

ஜீவராஜ் வீட்டை விட்டுப் போய் இரண்டு தீபாவளி கடந்துவிட்டது.

"ஒரு வயரத் தொடணும்னாலும் ஒங்ககிட்ட அனுமதி கேக்கணும். எனக்கு இருபத்தெட்டு வயசாகுதுப்பா" என்று கத்திவிட்டு அவன் கொழும்பு பஸ் ஏறினான். "கேக்க முடியாதவனுக்கு இங்க எடமில்ல" என்று அப்பா பெரியதம்பி பஸ் கிளம்பிய பிறகு சொன்னார். அன்றிலிருந்து மகனுடைய பெயரை அவர் வாயில் எடுக்கவில்லை. "அவன்" என்பார். தவிர்க்க முடியாதபோது மகள் கௌசியிடம் "ஒங்கண்ணன்" என்பார்.

லிந்துலை பஜாரில் அவர்களுடைய 'வேலவன் சவுண்ட்ஸ்' கடை மட்டும் அவன் விட்டுப்போனபடியே இருந்தது. ஸ்பீக்கர் பெட்டிகள், கூம்பு லவுட்ஸ்பீக்கர்கள், மூலை மேசையில் அவனுடைய லேப்டாப். பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடும் புரோகிராம் அதில்தான் இருந்தது. பட்டம் முடித்து ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த கௌசி, அண்ணன் இல்லாத குறைக்கு அதை இயக்கக் கற்றுக்கொண்டாள்.

லேப்டாப் விஷயத்தில் அப்பாவுக்கு ஒரே சட்டம்தான். மூடலாம், அணைக்கக் கூடாது. "ஓடுறத ஓட விடு. அணச்சா என்னா ஆவும்னு ஒங்கண்ணனுக்குத்தான் தெரியும்."

அந்தச் சட்டத்தை அவரே மீறியது தெரியவந்த நாள் இது.

காலை நல்லபடியாகத்தான் தொடங்கியது. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அன்று தேர். வருஷா வருஷம் அங்கே வேலவன் சவுண்ட்ஸ்தான் செட் போடும். கிளம்பும் முன் அர்ச்சனை செய்துவிடலாம் என்று அம்மா இந்திராதேவி மகளை பஜார் கோயிலுக்கு அழைத்துப் போனாள்.

"யார் பேருக்கு?" என்றார் ஐயர்.

அம்மா தட்டை நீட்டிவிட்டு, வழக்கம்போல, மகளின் முழங்கையை இடித்தாள்.

"பெரியதம்பி, உத்தரம்" என்றாள் கௌசி.

"அடுத்து?"

"ஜீவராஜ். கேட்டை" என்று அம்மாவே சொன்னாள், பிரகாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

கடைக்குத் திரும்பியபோது சுவரிலிருந்த பிளக் எல்லாம் கழற்றப்பட்டு, வயர்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"நேத்து இடி இடிச்சிச்சில்ல? ஒண்ணு விடாமக் கழட்டிட்டேன்" என்றார் அப்பா, கடையையே காப்பாற்றியவர் போல.

"லேப்டாப்பையுமா?"

"அது என்னா எனக்கு மச்சான் மொறையா? அதையுந்தான்."

"அதோட பேட்டரி இந்த வாரந்தான் செத்துப்போச்சுப்பா. வயரப் புடுங்குனா அப்பவே போயிரும்."

"போனா போவட்டும். போட்டா வந்துட்டுப் போவுது."

வந்தது. ஆனால் வழக்கமாக வரும் திரை இல்லை. இரண்டு பெயர்கள் நின்றன. ஒன்று 'ஜீவராஜ்'. அதன் கீழே பாஸ்வேர்ட் கேட்கும் வெள்ளைக் கட்டம். மற்றது 'கடை'. அதற்குப் பூட்டு இல்லை.

கௌசிக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நாளும் அவர்கள் அண்ணனுடைய கணக்கிற்குள்தான் குடியிருந்தார்கள். அவன் திறந்து வைத்துவிட்டுப் போன கதவு, யாரும் சாத்தாததால் திறந்தே இருந்தது. நேற்று இரவு அப்பா அதைச் சாத்திவிட்டார்.

'கடை' வழியாக உள்ளே போனாள். பாட்டுப் புரோகிராமின் படம் திரையில் இருந்தது. அழுத்தினாள். ஒரு கணம் தலை காட்டிவிட்டு மறைந்தது. பதிலுக்கு ஒரு சிறிய பெட்டி வந்தது. இந்த ஃபோல்டரில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லை.

மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே பெட்டி.

புரோகிராம் வேண்டாம், பாட்டுகளையாவது எடுப்போம் என்று பாட்டு ஃபோல்டரைத் திறந்தாள். அதற்கு வேறு பெட்டி, இன்னும் மரியாதையாக.

"என்னா போட்டிருக்கு?" அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது.

"அனுமதி வேணும்னு போட்டிருக்கு."

"குடுத்துட்டேன்னு சொல்லு."

"ஒங்க அனுமதி இல்லப்பா."

"பின்ன யாரோடது?"

கௌசி திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஜீவராஜிடம் அனுமதி கேட்கவும்னு இருக்கு."

அப்பா சற்று நேரம் அந்தப் பெட்டியையே பார்த்தார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் மகனுடைய பெயரின் எழுத்துகள் அவருக்குத் தெரியும்.

"என் கடை. என் மேச. என் கரண்டு. இதுல பாட்டுப் போட நான் அவன்கிட்ட அனுமதி கேக்கணுமா? இந்தப் பொட்டிய வாங்குனது யாரு?"

"அண்ணன்."

அதற்கு மேல் அவர் அந்த வழியில் போகவில்லை.

போன் அடித்தது. தோட்டத்துக் கோயில் கமிட்டிச் செயலாளர் சுதாகரன்.

"அண்ணே, செட் கெளம்பிருச்சா? தேரு சோடிச்சு முடிஞ்சிருச்சு. நம்ம புள்ளைங்க பாட்டு ரெடிதானே?"

"ரெடி, ரெடி" என்றார் அப்பா.

அந்தப் பாட்டுதான் விஷயம். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் பிள்ளைகள் சேர்ந்து பாடிய முருகன் பாட்டு. போன வாரம் இதே கடையில், மழைச் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னல்களில் சாக்குக் கட்டி, கௌசி பதிவு செய்தாள். மைக்கிலிருந்து நேராக லேப்டாப்புக்குள் போனது. வேறெங்கும் பிரதி இல்லை. எடுத்து வைக்க வேண்டும் என்று தினமும் நினைத்தாள்.

"ஏன்னா, பிரியந்தியோட அம்மா குவைத்துலருந்து வீடியோ கால்ல வருதாம்ணே" என்றார் சுதாகரன். "மகதானே முன்பாட்டு. வேல செய்யிற வீட்டு மேடம்கிட்டக் கெஞ்சி நேரம் கேட்டு வாங்கியிருக்கு. தேரு எழும்புறப்ப அந்தப் பாட்டு கேக்கணும், அதுக்குத்தான்."

"சரி, சரி."

"போன வருஷமே தலவாக்கலை செட்டப் போடலாம்னு சில பேரு கெடந்து குதிச்சானுங்க. நான்தான் பெரியதம்பி அண்ணே இருக்கப்ப வேற யாரும் வேணாம்னேன்."

போனை வைத்ததும் அப்பா மகள் பக்கம் திரும்பினார். "கேட்டியா? ஏதாவது செய்."

கௌசி செய்தாள். புரோகிராமின் மீது வலது பக்கமாக அழுத்தி, நிர்வாகியாகத் திறக்கச் சொன்னாள். நிர்வாகி யார் என்று லேப்டாப் கேட்டது. அதுவே பதிலும் சொன்னது. ஜீவராஜ். பாஸ்வேர்ட்?

ஃபோல்டரை வேறிடத்துக்குப் பிரதி எடுக்கப் பார்த்தாள். ஜீவராஜிடம் அனுமதி கேட்கவும். அனுமதிகளைக் காட்டும் பகுதிக்குப் போனாள். எல்லாக் கட்டங்களும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. அழுத்தினால் அசையவில்லை. மாற்றுவதற்கும் ஜீவராஜிடம்தான் கேட்க வேண்டும்.

"அவன் பேரையே எத்தன தடவ காட்டும் அது?" அப்பா கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஹட்டனில் கம்பியூட்டர் திருத்தும் துஷாந்துக்குப் போன் போட்டாள். அவன் கொழும்பில் இருந்தான். பின்னால் பஸ் ஹாரன்கள்.

"அக்கா, அது பெருசா ஒண்ணுமில்ல. அந்தக் கணக்குக்குத்தான் அதிகாரம் இருக்கு. உள்ள போயி, 'கடை'க்கும் அனுமதி குடுத்துட்டீங்கன்னா முடிஞ்சிரும். பாஸ்வேர்ட் தெரியுந்தானே?"

"தெரிஞ்சா ஒனக்கு ஏன் போன் போடுறேன்?"

"அப்ப திங்கட்கிழம கொண்டு வாங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுரலாம்."

"அழிச்சா பாட்டு?"

"பாட்டும் போயிரும்."

"துஷாந்த்."

"இல்லக்கா, நான் சொல்றது… அண்ணனுக்கே ஒரு போன் கோல் குடுத்தா ஒரு நிமிஷத்து வேலதானே? ஆ, பிழையா ரொம்பத் தடவ அடிச்சிறாதீங்க. கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிக்கிரும்."

அவன் குரல் கடை முழுக்கக் கேட்டது. அப்பா கதவைப் பார்த்தபடியே சொன்னார். "ஒருத்தனும் யாருக்கும் கோல் குடுக்கத் தேவையில்ல."

"அப்ப பாஸ்வேர்ட் என்னான்னு நீங்களே சொல்லுங்கப்பா."

"வேலவன்னு போடு."

போட்டாள். தவறு. கடையின் போன் நம்பரைப் போட்டாள். தவறு. அண்ணனின் பிறந்த தேதி. தவறு. அப்போதுதான் கட்டத்துக்குக் கீழே மெல்லிய எழுத்தில் ஒரு வரி இருப்பதைக் கவனித்தாள். பாஸ்வேர்ட் மறந்துபோனால் ஞாபகப்படுத்த, வைத்தவரே எழுதி வைக்கும் குறிப்பு. அண்ணன் ஆங்கில எழுத்துகளில் தமிழாகவே எழுதியிருந்தான்.

'அம்மாக்கிட்ட கேளு.'

கௌசி அதை வாய்விட்டுப் படித்தாள். படித்திருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது.

"இந்திரா!"

கடைக்குப் பின்னாலிருந்த சமையலறையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா, மாவுக் கையோடு வந்தாள்.

"இதுக்குப் பாஸ்வேர்ட் ஒனக்குத் தெரியுமா?"

அம்மா லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "தெரியும்."

"காலையிலருந்து நாங்க ரெண்டு பேரும் இங்க தலகீழா நிக்கிறோம். சொன்னா என்னா?"

"நீங்க என்கிட்ட எங்க கேட்டீங்க?"

"இப்ப கேக்குறேன். சொல்லு."

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "என்னால சொல்ல முடியாதுங்க."

"என்னாது?"

"சொல்ல முடியாது. வேணும்னா அவனுக்குப் போன் போட்டுக் கேளுங்க. ஒடனே சொல்லிருவான்."

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "அப்ப ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தான் பண்றீங்க. அம்மாவும் மகனும். அவன் அங்க இருந்து பூட்டுவான், நீ இங்க சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு நிப்ப. நான் போயி அவன் கால்ல விழணும்."

"கால்ல விழச் சொல்லல. போன் போடத்தான் சொன்னேன்."

"ஊரு சிரிச்சாலும் சிரிக்கட்டும், போட மாட்டேன்!"

அவர் வெளியே போய், பாதி சாமான் ஏற்றியிருந்த வேனின் முன் சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். எங்கும் போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் தூறல் விழுந்து அவர் முகத்தை மறைத்தது.

மேசையில் அவருடைய போன் மறுபடி அடித்தது. சுதாகரன். கௌசி எடுக்கவில்லை.

சமையலறைக்குப் போனாள். அம்மா ஒன்றும் நடக்காததுபோல ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது ஒங்களுக்கே நல்லாருக்கா? அங்க ஒரு புள்ள பாட்டக் கேக்க அவுங்கம்மா குவைத்துல போனப் புடிச்சுக்கிட்டு நிக்கப்போகுது. ஒங்க ரெண்டு பேரு சண்டைக்கு அவுங்க என்னா செய்வாங்க?"

"நான் எங்கடி சண்ட போட்டேன்?"

"சொல்ல மாட்டேன்னு நிக்கிறீங்களே!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் எப்ப சொல்ல மாட்டேன்னேன்?"

"இப்பத்தானே…"

கௌசி பாதியில் நின்றாள்.

அம்மா சொன்னது 'மாட்டேன்' இல்லை. 'முடியாது.' இரண்டு தடவையும் 'முடியாது' என்றுதான் சொன்னாள்.

அம்மாவால் சொல்ல முடியாத சொல் உலகத்தில் எத்தனை இருக்கிறது? கௌசிக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். வங்கியில் கேட்டால் மகளைப் பார்ப்பாள். கிராம சேவகர் கேட்டால் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவாள். இன்று காலையில்கூட ஐயர் கேட்டபோது…

"அம்மா. அப்பா பேரா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அடுப்பை ஊதினாள். அது கேஸ் அடுப்பு.

"கடவுளே! அப்பா பேருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! ஜாட காட்டியிருக்கலாமே!"

"காட்டியிருக்கலாம்." அம்மா ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டாள். "போறதுக்கு முன்னாடி அவன்தான் சொன்னான். 'இதுதாம்மா பத்திரம், ஒங்க வாயிலருந்து யாராலயும் வாங்க முடியாது'ன்னு சொல்லிச் சிரிச்சான். இன்னிக்கு ஒங்கப்பா கேட்டப்ப எனக்கும் ஒரு ஆச. இந்தச் சாக்குலயாவது ஒரு போன் போட மாட்டாரான்னு."

கௌசி கடைக்கு ஓடினாள். கட்டத்தில் அப்பாவின் பெயரை ஆங்கில எழுத்துகளில் அடித்தாள்.

தவறு.

கடைசி எழுத்தை மாற்றினாள். அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கும். தவறு. நடுவில் இருந்த ஒரு எழுத்தை இரட்டித்தாள். தவறு. அவளுக்கு அழுகை வந்தது. தமிழில் ஒரே மாதிரி எழுதும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத்தான் எழுதுவார்கள்! பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அட்டையில் ஒன்று, கரண்ட் பில்லில் ஒன்று. இன்னும் ஒன்றிரண்டு தடவை பிழையாக அடித்தால் பூட்டிக்கொள்ளும் என்று பயமாக இருந்தது.

"அம்மா! எந்த எழுத்து?"

"அது எனக்கெங்கடி தெரியும்? அவரு கையெழுத்துப் போடுற மாதிரியே இருக்கும்னான்."

கையெழுத்து.

கௌசி தூறலில் இறங்கி வேன் கண்ணாடியைத் தட்டினாள். அப்பா திரும்பவில்லை. மறுபடி தட்டினாள்.

"என்னா?"

"பாஸ்வேர்ட் என்னான்னு கண்டுபுடிச்சிட்டேன். நீங்க வந்து அடிக்கணும்."

"எனக்கெதுக்கு? ஒங்கம்மாவையே அடிக்கச் சொல்லு."

"அவுங்களால முடியாதுப்பா. அது ஒங்க பேரு."

அப்பா கண்ணாடியை முழுதாக இறக்கினார். தூறல் உள்ளே விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

"என் பேரா?"

"ஆமா. அவுங்க எப்பிடிச் சொல்லுவாங்க?"

அவர் இறங்கி வந்தார். மேசை முன்னால் உட்கார்ந்தார். சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்க்கவில்லை. விசைப்பலகையைப் பார்த்தார். வலது கைச் சுட்டு விரலை நீட்டினார்.

அப்பாவின் ஆங்கிலக் கையெழுத்தில் ஒரு எழுத்துக் குறை. 'தம்பி'க்கு வர வேண்டிய ஓர் எழுத்து அதில் இராது. ஜீவராஜ் சின்ன வகுப்பில் படிக்கும்போது, கைநாட்டு வைக்க அப்பா வெட்கப்படுவதைப் பார்த்து, அவனே எழுதிக் காட்டிய கையெழுத்து அது. அவனுக்கும் அப்போது சரியாகத் தெரியாது. பிறகு அவன் படித்துத் திருத்திச் சொன்னபோது அப்பா கேட்கவில்லை. "இதான் பழகிருச்சு" என்றார். வேன் லைசென்ஸ், வங்கி, கடைப் பதிவு, எல்லாவற்றிலும் அந்தப் பிழையோடுதான் அவர் இருந்தார்.

ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். கடைசி எழுத்துக்குப் பிறகு விரலை எடுக்காமல் வைத்திருந்தார்.

"இப்ப?"

கௌசி நுழைவு விசையை அழுத்தினாள்.

திறந்தது.

பாட்டுப் புரோகிராம், நேற்று வைத்த இடத்திலேயே, பிள்ளைகளின் பாட்டைப் பட்டியலின் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றது.

"நான் எப்ப என் பேரச் சொல்லக் கூடாதுன்னு சொன்னேன்?" என்றார் அப்பா, திரையைப் பார்த்தபடி.

"நீங்க சொல்லல" என்றாள் அம்மா வாசலிலிருந்து. "எங்கம்மா சொன்னுச்சு."

கௌசி முதல் வேலையாகப் பாட்டை இரண்டு பென்டிரைவில் எடுத்துக்கொண்டாள். பிறகு ஃபோல்டரின் அனுமதிப் பகுதியைத் திறந்தாள். இப்போது கட்டங்கள் சாம்பல் நிறத்தில் இல்லை. 'கடை' என்ற பெயரைச் சேர்த்தாள். படிக்க, எழுத, மாற்ற, எல்லாவற்றுக்கும் குறி போட்டாள். இனி யார் பிளக்கைப் பிடுங்கினாலும் 'கடை' வழியாகவே உள்ளே போகலாம்.

மேலே இன்னொரு வரி இருந்தது. உரிமையாளர்: ஜீவராஜ்.

"இதையும் மாத்திரலாம்பா" என்றாள். "உரிமையாளர்னு ஒங்க பேரப் போட்டுறவா? அப்புறம் அண்ணன் பேரு எங்கயும் வராது."

அப்பா யோசித்தார். இவ்வளவு நேரம் யோசிக்காமலே பேசியவர்.

"வேணாம். அது அவன் பேருலயே இருக்கட்டும்" என்றார். "எனக்கு அனுமதி மட்டும் போட்டுக் குடு."

திரையில் ஒரு பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்து, பாட்டுப் பாட்டாக எல்லாவற்றுக்கும் அனுமதி எழுதிக்கொண்டு போனது.

வேன் போய்ச் சேரும்போது வடம் பிடிக்க ஆட்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். சுதாகரன் தலையில் கை வைத்தபடி ஓடி வந்தார். "அண்ணே, என் உயிரே போயிருச்சு!" அப்பா நேராகப் போய்க் கூம்பு லவுட்ஸ்பீக்கரைச் சவுக்கு மரத்தில் ஏற்றினார். கௌசி லேப்டாப்பை மேசையில் வைத்து, வேண்டுமென்றே 'கடை' வழியாகப் போனாள். புரோகிராம் மறுபேச்சுப் பேசாமல் திறந்தது.

தேர் எழும்பியது. பிள்ளைகளின் குரல் மேட்டு லயங்கள் வரைக்கும் போய்த் தேயிலை மலையில் மோதித் திரும்பியது. பிரியந்தி, தன் சித்தியின் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். போனில் முக்காடு போட்ட ஒரு முகம் அழுதுகொண்டிருந்தது. அதைப் பார்க்காமலிருக்க கௌசி சத்தத்தை ஏற்றி இறக்குவதுபோல எதையோ திருகினாள்.

நிமிர்ந்தபோது அப்பாவைக் காணவில்லை.

"எங்க போனாரு?"

"ரயில் ஸ்டேஷன் பக்கம்" என்றாள் அம்மா. கையில் தேங்காய்த் தட்டு. "அவரு போனுக்கு எங்க சிக்னல் இருக்குன்னு சுதாகரன்கிட்டக் கேட்டாரு." அவள் அந்தப் பக்கமே பார்த்தாள். "போனையும் எடுத்துக்கிட்டுத்தான் போனாரு."

அண்ணனுடைய எண்ணை அப்பா தன் போனிலிருந்து அழிக்கவே இல்லை என்பது கௌசிக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியுமா என்று அவள் கேட்டதில்லை.

தேர் முதல் திருப்பத்தில் நின்றபோது அப்பா வந்தார். மேட்டில் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. போனைச் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தார்.

"எடுத்தானா?" அம்மா தட்டை மகளிடம் தள்ளிவிட்டு முன்னால் போனாள்.

"எடுத்தது ஒரு பொம்பளப் புள்ள."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கௌசி சத்தத்தைக் குறைத்தாள்.

"ஹலோன்னுச்சு. லிந்துலையிலருந்து பெரியதம்பி பேசுறேன்னேன். அந்தப் பக்கம் பேச்சு மூச்சில்ல. பொறகு போனத் தள்ளிப் புடிச்சுக்கிட்டு யாருகிட்டயோ சொல்லுது, 'தாத்தா'ன்னு. அவ்வளவுதான். கட்டாயிருச்சு. திரும்பப் போட்டா போவல."

"தாத்தான்னா சிங்களத்துல அப்பாதானேப்பா" என்றாள் கௌசி. "ஒங்க பேரக் கேட்டுட்டு, அப்பா போன் போட்டிருக்காருன்னு அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கும்."

"பொறந்ததுலருந்து பஜார்ல இருக்கேன். எனக்கா சிங்களம் தெரியாது?" எரிச்சலாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் இறங்கியிருந்தது. "அந்தப் புள்ள அதச் சிங்களத்துல சொல்லிச்சா, தமிழ்ல சொல்லிச்சா? அதான் எனக்குத் தெரியல. யாருகிட்டச் சொல்லிச்சுன்னும் தெரியல."

தமிழில் என்றால் அந்த வார்த்தை எவ்வளவு சின்ன ஆளிடம் சொல்லப்படும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

அப்பா மனைவி பக்கம் திரும்பினார். "இந்திரா, நீ அவன்கூடப் பேசிக்கிட்டுத்தானே இருக்க? ஒனக்குத் தெரியுமா?"

அம்மா மகளிடமிருந்து தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தேங்காயின் மேல் இருந்த கற்பூரத்தை, நேராகவே இருந்ததை, நேராக்கினாள்.

"தெரியும்" என்றாள். "ஆனா சொல்ல மாட்டேன்."

கௌசி அம்மாவைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் 'முடியாது' என்று சொல்லவில்லை.